அந்த ஒற்றைக் கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள்

போதை மீட்பு மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் நம் சேர்க்கைப் படிவத்தை 4 பக்கத்திலிருந்து 2 பக்கமாகச் சுருக்கினீர்கள். சுருக்கியதில் எனக்கு வருத்தமில்லை. கை நடுங்க, வியர்த்து வழிய வந்து உட்காருகிறவரிடம் 4 பக்கம் கேள்வி கேட்பது கொடுமைதான். ஆனால் வெட்டியதில் 11-வது கேள்வியும் போய்விட்டது. "முதன்முதலாகக் குடித்தபோது உங்களுக்கு என்ன வயது?" இவ்வளவுதான் அந்தக் கேள்வி. பதிலுக்கு இரண்டு இலக்கம் எழுதும் அளவுக்கு ஒரு சின்னக் கட்டம்.

ஏன் எடுத்தீர்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "அது பழைய கதை. இப்போது எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று தெரிந்தால் சிகிச்சைக்குப் போதும்" என்றீர்கள். அதே கூட்டத்தில், 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனியாக நடந்துவந்த மாலைக் குழுவையும் பெரியவர்கள் குழுவோடு சேர்த்துவிட்டீர்கள். இரண்டு முடிவுக்கும் வேர் ஒன்றுதான்: குடி என்றால் குடி, எந்த வயதில் தொடங்கினால் என்ன என்ற எண்ணம். அந்த எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த மையத்தில் ஆலோசகராக எனக்கு இது 17-வது ஆண்டு. அந்தக் கட்டத்தில் 13 என்றும் 14 என்றும், சில நாள் 11 என்றும் எழுதிய கை என்னுடையது. யாருடைய அடையாளமும் தெரியாதபடி இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒருவருக்கு வயது 46. வேலை போன துக்கத்தில் 31 வயதில் குடிக்கத் தொடங்கியவர். மற்றவனுக்கு 24. அவன் தொடங்கியது 12 வயதில். கணக்குப் பார்த்தால் பெரியவர்தான் அதிக ஆண்டுகள் குடித்தவர், தினமும் குடித்த அளவும் அவருக்குத்தான் அதிகம். புதிய படிவத்தில் இருவரையும் எழுதினால், பெரியவருடைய நிலைதான் மோசம் என்று தோன்றும்.

மூன்றாவது வாரம், நடுக்கமெல்லாம் நின்று தூக்கம் சீரான பிறகு, வழக்கம்போல 10 சொற்களை நிதானமாக வாசித்தேன். சாவி, மேகம், கயிறு, ஜன்னல் என்று சாதாரணச் சொற்கள். 20 நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பெரியவர் 8 சொன்னார். அந்தப் பையன் "சாவி" என்றான். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தான். "கயிறு" என்றான். அதற்குமேல் வரவில்லை. பிறகு தலை தூக்கி, "மேடம், நீங்க நிஜமாவே பத்து சொன்னீங்களா?" என்று கேட்டான். அவன் சோம்பேறி இல்லை. அக்கறை இல்லாதவனும் இல்லை. நான் சொன்ன சொற்கள் அவனுக்குள் தங்கவேயில்லை.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பிறவியிலேயே ஒருவருக்கு நினைவாற்றல் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மேசையில் நான் பார்த்ததை, என்னைவிடப் பெரிய கண்கள் பெரிய கூட்டத்தில் பார்த்திருக்கின்றன. 1997-இல் அமெரிக்காவில் கிராண்ட், டாசன் என்ற இரு ஆய்வாளர்கள், குடிப்பவர்களும் முன்பு குடித்தவர்களுமாக 27,616 பேரின் தகவல்களை வெளியிட்டார்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவில் நின்றது. தொடக்கம் ஒவ்வொரு ஆண்டு தள்ளிப்போகப் போக, அடிமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துகொண்டே வந்தது. 2006-இல் ஹிங்சன் குழுவினர் 43,093 பேரின் தகவல்களை வைத்துப் பார்த்தபோதும் அதே படம்தான்: 14 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 47 சதவீதம், 21 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 9 சதவீதம்.

நீங்கள் பழைய கதை என்று சொன்ன அந்த இரண்டு இலக்கத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள், மருத்துவத்திலிருந்து அல்ல. உயரம் நின்றுவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். மூளையில் 25 வயதை ஒட்டிவரை வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பதின்வயதில் நடக்கும் பெரிய வேலை ஒரு கவாத்து. தோட்டத்தில் வேண்டாத கிளைகளைக் கழிப்பதுபோல, பயன்படாத நரம்பு இணைப்புகளை மூளை கழித்துவிடுகிறது. மீந்த இழைகளின்மேல் மையலின் என்ற கொழுப்பு உறை படர்கிறது. உறை படர்ந்த இழையில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். இந்த வேலை மூளையின் பின்பக்கம் தொடங்கி முன்னோக்கி வந்து, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலில்தான் கடைசியாக முடிகிறது. விளைவை எண்ணிப் பார்த்து "வேண்டாம், போதும்" என்று சொல்லும் இடம் அது. ஆசையைக் கிளப்பும் உட்பகுதிகளோ அதற்கு வெகுமுன்பே முழு வேகத்தில் இயங்க ஆரம்பித்துவிடுகின்றன. 13 வயதுப் பிள்ளைக்குள் "இன்னும் கொடு" என்கிற குரல் முதிர்ந்துவிட்டது, அதை அடக்கும் குரல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மது உள்ளே போகிறது. படிப்பும் நினைவும் நரம்பில் பதிவதற்கு நரம்பணுவின்மேல் இருந்து செய்தியை வாங்கும் என்.எம்.டி.ஏ. என்கிற ஏற்பிகள் வேலை செய்ய வேண்டும். மது அவற்றைத் தடுக்கிறது. மறுபுறம், மூளையை அமர்த்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. கடற்குதிரை வடிவில் உள்ளே சுருண்டிருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் புது நினைவுகளைப் பதிக்கும் இடம். குடித்த இரவு முழுக்க நடந்து, பேசி, சண்டை போட்டுவிட்டு, மறுநாள் "ராத்திரி என்ன நடந்துச்சுன்னே தெரியல" என்று ஒருவர் சொன்னால், அது நடந்ததை மறந்தது அல்ல, அது பதிவாகவே இல்லை. 2000-இல் டி பெல்லிஸ் குழுவினர், பதின்வயதிலேயே குடிநோய்க்கு ஆளான 12 பேரின் மூளையை, குடிக்காத 24 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். ஹிப்போகாம்பஸ் அந்த 12 பேருக்குச் சிறியதாக இருந்தது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்கியிருந்தார்களோ அவ்வளவு சிறியதாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்த அன்று எனக்கு அந்த 10 சொற்கள்தான் நினைவுக்கு வந்தன.

இதில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. சீக்கிரம் குடிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் மூளையும் பரம்பரையும் முன்பே வேறாக இருந்திருக்கலாம் அல்லவா? 1999-இல் பிரெஸ்காட், கெண்ட்லர் இருவரும் இரட்டையர்களை ஆராய்ந்து, முதல் குடியின் வயதும் குடிநோயும் ஒரே குடும்ப வேரிலிருந்து வருகின்றன, ஒன்று மற்றொன்றுக்கு நேர்க் காரணம் அல்ல என்று எழுதினார்கள். அதை நான் ஒதுக்கவில்லை. பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, வீட்டுச் சூழலுக்கும் இருக்கிறது. ஆனால் முன்பே வேறாக இருந்ததா, பிறகு மாறியதா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, குடிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைப்பது. அதையும் செய்திருக்கிறார்கள். 2015-இல் ஸ்குவெக்லியா குழு 134 பதின்வயதினரையும், 2018-இல் ஃபெஃபர்பாம் குழு 483 பேரையும் இப்படித் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தன. மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியவர்களிடம், நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் நிறைந்த சாம்பல்பொருள் இயல்பைவிட வேகமாகக் குறைந்தது, உறை படர்ந்த இழைகளாலான வெண்பொருளின் வளர்ச்சி மந்தப்பட்டது. கவாத்து அளவுக்கு மிஞ்சிப்போனது, உறை படர்வது பின்தங்கியது. பரம்பரை வேர் இருந்தாலும், மது தன் பங்குக்கு மூளை வளரும் பாதையைக் கோணலாக்குகிறது என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. இளம் உடம்பு ஏமாற்றும். பெரியவர்களுக்கு இரண்டு கோப்பையில் கண் சொக்கும், கால் தள்ளாடும். அதுவே ஒரு எச்சரிக்கை. வளரும் பருவத்து எலிகளுக்கு மது கொடுத்துப் பார்த்த சோதனைகளில், அவை முதிர்ந்த எலிகளைவிடக் குறைவாகவே தூங்கின, குறைவாகவே தள்ளாடின. ஆனால் கற்றுக்கொள்வதில் அவற்றுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழுவினர் 1990-களிலிருந்து இதைக் காட்டி வருகிறார்கள். "எவ்வளவு அடிச்சாலும் நிதானமா நிப்பேன்" என்று பெருமையாகச் சொல்லும் பையன்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நிற்க முடிவது உண்மைதான். அந்த நேரத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கால்கள் அவனுக்குச் சொல்வதில்லை.

சரி, தொடங்கிய வயதை இனி மாற்ற முடியாதே, கேட்டு என்ன பயன் என்றீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். 19 வயதுப் பையன் ஒருவனைச் சேர்க்க அவன் அப்பா வந்திருந்தார். படிவத்தை நான் வாசிக்க வாசிக்கப் பையன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். 11-வது கேள்விக்கு, "பதிமூணு" என்றான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தாம்மா கொடுத்தேன்" என்றார். "வெளியில போய்த் தெரியாத பசங்களோட குடிக்கிறதுக்கு, வீட்டுல நம்ம கண்ணு முன்னாடி கொஞ்சம் ருசி பார்த்தா அடங்கிடுவான்னு நெனச்சேன்." அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். பெற்றோர் பலர் இதையே நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மேட்டிக் குழுவினர் 1,927 பிள்ளைகளை அவர்களின் 12, 13 வயதிலிருந்து 6 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் கையால் கொடுப்பது எந்த விதத்திலும் பாதுகாப்புத் தரவில்லை, ஆபத்தைத்தான் கூட்டியது என்று கண்டார்கள்.

அடுத்து நான் கேட்டது படிவத்தில் இல்லாத கேள்வி. "வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்றேன். "சின்னவன் இருக்கான். பதினொண்ணு நடக்குது" என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் சின்னவனின் அம்மாவையும் அழைத்து வந்தார். வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் அகற்றிவிட்டதாகச் சொன்னார். அந்தச் சின்னவனுக்கு இப்போது 14. இன்றுவரை குடித்ததில்லை என்று அப்பா மாதம் ஒருமுறை எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார். நீங்கள் அழித்த அந்தக் கட்டம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சு நடந்திருக்கவே வாய்ப்பில்லை.

சேர்ந்திருப்பவருக்கும் அதனால் பயன் உண்டு. 12, 13 வயதில் தொடங்கிய ஒருவரிடம் 40 நிமிடம் பேசிவிட்டு, மறுநாள் "நேற்று சொன்னதை ஏன் செய்யவில்லை?" என்று கேட்பது அநியாயம். அவர்களிடம் நான் 15 நிமிடம்தான் பேசுவேன். சொன்னதை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பேன். மாத்திரை நேரத்தைச் சுவரில் ஒட்டுவேன். முதல் முறை சறுக்கினால் அதை மனவலிமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். பல பையன்கள் "நான் உருப்படாதவன், எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல" என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். பள்ளியில் அப்படித்தான் சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் மூளை இன்னும் கட்டி முடியாத நேரத்தில் இது நடந்தது, நீ பிறவியிலேயே இப்படி இல்லை என்று படம் போட்டுக் காட்டும்போது அவர்கள் உட்காரும் விதமே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாலைக் குழுவைச் சேர்த்த முடிவு இதைவிட வேதனையானது. பெரியவர்கள் தங்கள் வட்டத்தில் உட்கார்ந்து பேசுவது இழந்த வேலை, பிரிந்த மனைவி, வீங்கிய கல்லீரல். அது அவர்களுக்கு மருந்து. 17 வயதுப் பையனுக்கு அதில் எதுவும் ஒட்டாது. "நான் இவங்க அளவுக்கு இல்ல" என்ற நிம்மதியோடு எழுந்து போகிறான். சேர்த்த பிறகு நடந்த மூன்று கூட்டங்களிலும் இருந்தேன். மூன்றாவது கூட்டத்தில் இளையவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பழைய மாலைக் குழுவில் பேச்சு அரை மணி, மீதி நேரம் ஓட்டம், பந்து. அதை வெறும் பொழுதுபோக்கு என்று குறித்திருந்தீர்கள். வளரும் பருவத்தில் மது கொடுக்கப்பட்டு மூளையில் சில நரம்பணுக்களின் வேலை மங்கிப்போன எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டபோது, அந்த இழப்பு மீண்டு வந்ததை வெட்ரீனோவும் க்ரூஸும் காட்டியிருக்கிறார்கள். எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை அட்டவணையிலிருந்து எடுப்பதற்குக் காரணம் ஏதும் உங்களிடம் இல்லை.

இனி நான் கேட்பது.

11-வது கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள். சேரும் நாளில் கேட்க வேண்டாம், அந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. நான்காம் நாள், நடுக்கம் அடங்கிய பிறகு, ஆலோசகர் நிரப்பும் தாளில் அது இருக்கட்டும். அதோடு இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: முதல் குடியைக் கொடுத்தது யார், வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா. இருந்தால், அந்தக் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேச ஆலோசகருக்கு நேரம் ஒதுக்குங்கள். அது எங்கள் வேலைநேரக் கணக்கில் வர வேண்டும். இப்போதுவரை அதை உணவு இடைவேளையில்தான் செய்து வருகிறோம்.

20 வயதுக்கு உட்பட்டவர்களின் குழுவைப் பிரித்துக் கொடுங்கள். பழைய நேரமே வேண்டும் என்பதில்லை, பழைய அறையும் வேண்டாம். பெரியவர்கள் இல்லாத ஓர் இடமும், ஓடுவதற்குத் திறந்த வெளியும் இருந்தால் போதும்.

15 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் நினைவுச் சோதனை நடத்தி, முடிவைக் கோப்பில் சேர்க்க உத்தரவிடுங்கள். இப்போது அது நானாகச் செய்வது. நான் விடுப்பில் போனால் நின்றுவிடுகிறது. 17 ஆண்டுப் பழைய படிவங்கள் கிடங்கில் இருக்கின்றன, இடம் அடைக்கிறது என்று அவற்றை அப்புறப்படுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அவற்றை அழிக்காதீர்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்த வயதுகளை மட்டும் எடுத்தெழுதும் வேலையை நானே செய்கிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். மறுப்பதானால் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள், அதையும் படித்துப் பதில் சொல்ல நான் தயார்.

இதை எழுதும்போது வார்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். திங்கட்கிழமை சேர்ந்தவன். தினமும் குடிக்கும் அளவு, கடைசியாகக் குடித்த நேரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அவன் தாளில் இருக்கிறது. நாளை அவனுக்கு நான்காம் நாள். உங்கள் பதில் வரும்வரை காத்திருக்காமல் அவனிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கப்போகிறேன். பதிலை எழுதிவைக்க அவன் தாளில் ஒரு கட்டம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தின் ஆலோசகர்